தலைநகருக்கு வழி எது?

"அம்மா, இலங்கையின் தலைநகர் எது?" என்று உங்கள் வீட்டுப் பையன் பூகோளப் புத்தகத்தைக் கையில் வைத்துக் கொண்டு கேட்டால் என்ன சொல்வீர்கள்? "இது கூடத் தெரியாதா? கொழும்பு!" என்று சொல்லிவிட்டு, கடுகு வெடிக்கிறதா என்று பார்க்கத் திரும்பி விடுவீர்கள். பையனும் பரீட்சையில் அப்படியே எழுதி வைப்பான். வாத்தியார் அதைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் "ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டே" என்று ஒரு முழ நீளத்துக்கு எழுதி அனுப்புவார்.

வாத்தியார் மேல் கோபித்துக் கொள்ளாதீர்கள். அவர் எழுதினதுதான் சரி. இலங்கையின் சட்டசபை கூடுகிற தலைநகர் 1982ஆம் ஆண்டு முதல் கோட்டேதான். கொழும்பு அந்நாட்டின் மிகப் பெரிய நகரம். துறைமுகமும் வியாபாரமும் அங்கேதான். ஜனாதிபதியின் செயலகமும் உச்ச நீதிமன்றமும் கூட அங்கேதான் இருக்கின்றன. அந்நிய நாட்டுத் தூதர்களும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அப்படியிருக்க, உலகம் முழுவதும் கொழும்பையே தலைநகர் என்று சொல்வதில் ஆச்சரியம் என்ன?

காரமடைப் பெண்களாகிய நாம் இதைப் பற்றிப் பிறத்தியாரைக் குறை சொல்ல முடியாது. சென்னைக்கோ பம்பாய்க்கோ கல்யாணத்துக்குப் போனால், "உங்களுக்கு எந்த ஊர்?" என்று யாராவது கேட்பார்கள். உடனே "கோயம்புத்தூருங்க" என்கிறோம். கோயம்புத்தூருக்கும் நமக்கும் நடுவே பதினேழு மைலுக்குக் குறையாது. நமக்கென்று ரங்கநாதர் இருக்கிறார். மாசி மாதத்தில் தேர் இருக்கிறது. பந்த சேவையும் தண்ணீர் சேவையும் இருக்கின்றன. ஊரைச் சுற்றிக் கறிவேப்பிலைத் தோட்டங்கள் மணக்கின்றன. இத்தனை இருந்தும், கேட்கிறவருக்கு விளங்க வேண்டுமே என்று பெரிய ஊரின் பெயரைச் சொல்லிவிடுகிறோம். சின்ன ஊரின் பெயரைப் பெரிய ஊர் விழுங்குவது இப்படித்தான். கோட்டேக்காரர்களும் வெளியூரில் "கொழும்பு" என்றே சொல்கிறார்கள்!

இந்த மயக்கம் இலங்கைக்கு மட்டும் உரியது அன்று. ஆஸ்திரேலியாவின் தலைநகர் சிட்னி என்று சொல்லித் தோற்றவர்கள் எத்தனையோ பேர், அது கான்பரா. துருக்கிக்கு இஸ்தான்புல் அல்ல, அங்காரா. பிரேஸில் நாட்டார் 1960இல் ரியோ நகரின் கடற்கரையை விட்டு உள்நாட்டுப் பொட்டலில் பிரேஸிலியா என்று புதிதாக ஒரு நகரமே கட்டிக் கொண்டு போனார்கள். நம் செட்டிநாட்டார் கொண்டு விற்ற பர்மாவில் கூட இப்போது ரங்கூன் தலைநகர் அன்று. 2005இல் நேப்பிடோவுக்குப் போய்விட்டது. நம் தேசத்திலே 1911 வரை கல்கத்தாதானே தலைநகராக இருந்தது?

ஆனால் கோட்டேயின் கதையில் மற்ற ஊர்களுக்கு இல்லாத விசேஷம் ஒன்று உண்டு. அது புதிதாகத் தலைநகர் ஆன ஊர் அல்ல. இழந்த பதவியை நானூறு வருஷங்களுக்குப் பிறகு திரும்பப் பெற்ற ஊர்.

மூன்று கோட்டைகள்

முதலில் ஒரு எச்சரிக்கை. கொழும்பில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் தமிழில் "கோட்டைக்குப் போக வேண்டும்" என்று சொன்னீர்களானால், அவர் உங்களை நேரே ரயில்வே ஸ்டேஷனில் கொண்டு போய் விடுவார். ஏனென்றால், கொழும்பு நகரத்துக்குள்ளேயே கடலோரமாக ஒரு "கோட்டை" இருக்கிறது. பறங்கியர் தொடங்கி, ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆண்ட கோட்டை அது. மதில்கள் போய்விட்டன, பெயர் மட்டும் ஒட்டிக் கொண்டிருக்கிறது. அதை அடுத்த கடைவீதிக்குப் புறக்கோட்டை என்று பெயர். புடைவையோ பாத்திரமோ மொத்த விலைக்கு வாங்குகிறவர்கள் அங்கேதான் முட்டி மோதுவார்கள்.

நாம் தேடும் கோட்டே அங்கிருந்து ஐந்தாறு மைல் உள்ளே இருக்கிறது. அங்கேயும் எதுல் கோட்டே, பிட்ட கோட்டே என்று இரண்டு பகுதிகள். எதுல் என்றால் உள்ளே, பிட்ட என்றால் வெளியே. ஆக, உட்கோட்டையும் புறக்கோட்டையும் அங்கேயும் உண்டு! சிங்களத்தில் கொழும்புக் கோட்டையைக் "கொட்டுவ" என்றும், பழைய தலைநகரைக் "கோட்டே" என்றும் வேறுபடுத்திச் சொல்கிறார்கள். நம் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். குழப்பம் வராமல் இருக்க ஒரே உபாயம், "பாராளுமன்றம்" என்று சொல்வது. நாம் நாடாளுமன்றம் என்பதை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.

"கோட்டே" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது நம் "கோட்டை"தான். அதைக் கட்டினவர் அழகக்கோனார் என்ற மந்திரி. தென்னிந்தியாவிலிருந்து போய் இலங்கையில் குடியேறிய வம்சம் அவருடையது. பதினான்காம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி தெற்கே வரைக்கும் ஆள் அனுப்பி வரி வசூலித்து வந்தான். அவனை எதிர்த்து நிற்பதற்காகச் சதுப்பு நிலத்தின் நடுவே இருந்த மேட்டைத் தேர்ந்தெடுத்து, செம்பாறைக் கல்லால் மதில் எழுப்பி, அகழி வெட்டினார் அழகக்கோனார். தமிழ் அரசன் ஒருவனைத் தடுக்க, தமிழ்ப் பெயர் கொண்ட மந்திரி, தமிழ்ச் சொல்லால் ஆன கோட்டையைச் சிங்கள ராஜ்யத்துக்காகக் கட்டினார் என்றால், அந்தக் காலத்து உறவுகள் எவ்வளவு பின்னிக் கிடந்தன என்று பாருங்கள்!

அந்த ஊருக்கு ஜயவர்த்தனபுரம் என்று பெயர் சூட்டினார்கள். வெற்றி வளரும் நகரம் என்று அர்த்தம்.

கொழும்பு மியூசியத்துக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு கல்லைப் பார்க்கத் தவற வேண்டாம். சீனத்துக் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொண்டு வந்த கல்வெட்டு அது. 1409 என்ற ஆண்டுக்கு உரியது; 1911இல் காலி நகரில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறித்திருக்கிறார்கள். அந்தச் செங் ஹோதான் 1411இல் கோட்டேக்குள் புகுந்து, அப்போது ஆண்ட அழகேசுவரனைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கப்பலேற்றிக் கொண்டு போனவன்.

அதற்குப் பிறகு வந்த ஆறாம் பராக்கிரமபாகு 1467 வரை அரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்டான். அவன் வளர்த்த சபுமால் குமாரன் 1450இல் யாழ்ப்பாணத்தையும் வென்றான். தமிழில் அவனுக்குச் செண்பகப் பெருமாள் என்று பெயர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைக் கட்டியவன் என்று அவனைச் சொல்லும் மரபு உண்டு. அக்கோயிலில் கட்டியம் கூறும்போது புவனேகபாகு என்ற அவனுடைய பட்டப் பெயர் இன்றும் ஒலிக்கிறது. கோட்டேயிலிருந்து படையெடுத்துப் போனவனுக்கு நல்லூர் முருகன் சந்நிதியில் வாழ்த்து! சரித்திரம் சில சமயம் நாவலை விட விசித்திரமாகத்தான் இருக்கிறது.

பறங்கி போன பாதை

1505ஆம் ஆண்டு போர்த்துகீசியக் கப்பல்கள் கொழும்புக்கு வந்தன. வெள்ளைக் கல்லைத் தின்கிறார்கள், ரத்தத்தைக் குடிக்கிறார்கள் என்று அரண்மனைக்குச் செய்தி போயிற்றாம். ரொட்டியையும் சிவப்பு மதுவையும் கண்டவர்களின் வர்ணனை அது! "சரி, அவர்களில் சிலரை அழைத்து வாருங்கள்" என்றான் அரசன்.

அழைத்து வந்தார்கள், எப்படி? ஐந்தாறு மைல் தூரத்தைக் கடக்க மூன்று நாள் பிடித்ததாம்! காட்டு வழியில் ஏற்றி இறக்கி, ஆற்றைத் தாண்டி, சுற்றிச் சுற்றி நடத்திக் கொண்டு போனார்கள். தலைநகர் கடற்கரைக்கு இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பது அந்நியர்களுக்குத் தெரியக் கூடாது என்பது யோசனை. இன்றைக்கும் சிங்களவர்கள், நேர் வழியை விட்டுச் சுற்று வழியில் போகிறவரைப் பார்த்து, "பறங்கி கோட்டேக்குப் போன மாதிரி" என்று பழமொழி சொல்வார்கள்.

பாவம், யோசனை பலிக்கவில்லை. பறங்கியர் 1518இல் கொழும்பில் கோட்டை கட்டிக் கொண்டார்கள். 1521இல் அரச குடும்பத்தில் சண்டை மூண்டு ராஜ்யம் மூன்று கூறாயிற்று. தம்பியிடமிருந்து தப்பிக்க அண்ணன் புவனேகபாகு பறங்கியரை நம்பினான். தன் பேரன் தர்மபாலனைப் போலத் தங்கத்தில் ஒரு பதுமை செய்து லிஸ்பன் நகருக்கு அனுப்பி, போர்ச்சுகல் அரசன் கையால் அதற்கு முடிசூட்டச் சொன்னான். பதுமைக்கு முடிசூட்டினார்கள், பாட்டனோ 1551இல் பறங்கி ஒருவனின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானான். பேரன் 1557இல் கிறிஸ்தவனானான். 1565இல் கோட்டேயைக் காக்க முடியாமல் எல்லோரும் கொழும்புக்கே போய்விட்டார்கள். மதில் மேல் காடு மண்டிற்று.

அன்று முதல் கொழும்புதான். பறங்கியர் போய் 1656இல் ஒல்லாந்தர் வந்தார்கள்; 1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கப்பலில் வந்தவர்களுக்குக் கப்பல் நிற்கும் இடம்தானே தலைநகர்?

தண்ணீர் நடுவே ஒரு சபை

சுதந்திரம் பெற்று முப்பது வருஷம் கழித்து, ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் பழைய தலைநகரத்துக்கே பாராளுமன்றத்தைக் கொண்டு போவது என்று 1979இல் தீர்மானித்தது. "ஜனாதிபதி தம்முடைய பெயரையே ஊருக்கு வைத்துக் கொண்டார், பார்த்தீர்களா?" என்று இன்றும் சிலர் கேலி செய்வதுண்டு. ஊரின் பெயர் அறுநூறு வருஷத்துப் பழசு என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. பெயர்ப் பொருத்தம் அவருக்கு மகிழ்ச்சி அளித்திருக்கும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

கட்டிடத்தை அமைத்தவர் ஜெஃப்ரி பாவா என்னும் புகழ்பெற்ற இலங்கைச் சிற்பி. தியவன்னா ஓயா ஓடும் சதுப்பு நிலத்தைத் தோண்டி, பரந்த ஏரி ஆக்கி, நடுவே இருந்த மேட்டைத் தீவாக்கினார். அதன் மேல் செம்புத் தகடு வேய்ந்த சரிவான கூரைகளோடு, ஒன்றோடொன்று சேர்ந்தும் சேராமலும் நிற்கும் மண்டபங்களை எழுப்பினார். 1982ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி திறப்பு விழா நடந்தது. வானத்தைத் தொடும் கோபுரமோ, மிரட்டும் தூண்களோ கிடையாது. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலத்தில் கரையில் நின்று பார்த்தால், பெரிய கிராமத்து வீடு ஒன்று தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துக் கொள்வது போல இருக்கும். உள்ளே சபை மண்டபத்தில் வெள்ளிப் பனையோலைகளைக் கோத்தது போன்ற சரவிளக்கு ஒன்று தொங்குகிறது. உள்ளே போக முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. பத்தரமுல்லைப் பக்கத்துக் கரையில் தியத்த உயன என்ற பூங்காவில் உட்கார்ந்து பார்க்கலாம். பூச்செடி விற்கும் கடைகளும் பலகாரக் கடைகளும் அங்கே இருக்கின்றன.

பிட்ட கோட்டேயில் பழைய ராஜ மகா விகாரை, பெத்தகானையில் மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த அடித்தளங்கள், வீடுகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கும் மதில் துண்டுகள், நடந்து பார்க்கச் சௌகரியமாகப் பலகைப் பாதை போட்ட சதுப்பு நிலப் பூங்கா, இவற்றை ஒரே நாளில் பார்த்து விடலாம். ஊரின் ஜனத்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம்தான். கொழும்பில் அதைப் போல் ஐந்து மடங்குக்கு மேல். நடுவே பொரளையும் ராஜகிரியவும் வருகின்றன. வழி நெடுகக் கடைகளும் வீடுகளும் விடாமல் தொடர்வதால், எங்கே கொழும்பு முடிந்தது, எங்கே தலைநகர் தொடங்கிற்று என்று கண்டுபிடிக்க முடியாது. கிட்டத்தில் இருப்பதை மறைக்க அந்தக் காலத்தில் மூன்று நாள் சுற்றினார்கள். இந்தக் காலத்தில் மறைக்க ஒன்றுமில்லாமல் இரண்டும் ஒட்டிக் கொண்டு விட்டன.

நம் வீட்டுப் பக்கத்துக் கதை

இவ்வளவும் படித்துவிட்டு, "தலைநகர் எதுவாக இருந்தால் நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம், குன்னூர், கோத்தகிரி என்று மலை ஏறிப் பாருங்கள். "சிலோன்காரர்" என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன! நம் ஊர்ப் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் இட்டிலிக் கடை வைத்திருக்கும் பாட்டி ஒருத்தியிடம் நான் இலங்கைக்குப் போகும் செய்தியைச் சொன்னேன். அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, மண்டபம் முகாம் வழியாக வந்து சேர்ந்தவள் அவள்.

"கொழும்புக்கா போறே அம்மிணி? அங்கே கடலோரமா ஒரு கல்லுக் கட்டடம் இருக்கும். அதுக்குள்ளேதான் எங்க பேரை எல்லாம் அடிச்சாங்கன்னு எங்கய்யா சொல்லுவாரு" என்றாள்.

"அந்தச் சபை இப்ப அங்கே இல்லைங்க ஆயா. கோட்டேங்கிற ஊருக்குப் போயிருச்சு" என்றேன்.

"போனாப் போவட்டும். பேரைத் திரும்ப எழுதினாங்களா?" என்று கேட்டாள் பாட்டி.

சகோதரிகளே, கேள்வி என்றால் அதுதான் கேள்வி. பாட்டி சொன்ன கட்டிடம் காலிமுகத் திடலை ஒட்டி, கடலைப் பார்த்துப் பெரிய தூண்களோடு நிற்கிறது. 1930இல் திறந்தது, இப்போது ஜனாதிபதியின் செயலகம். சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே அங்கே நிறைவேறிய பிரஜா உரிமைச் சட்டத்தால், மலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1947இல் அவர்களுடைய காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் அச்சபையில் இருந்தார்கள். 1952இல் ஒருவர் கூட இல்லை.

1964ஆம் ஆண்டு அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொண்டார்கள். ஸ்ரீமாவோ அம்மையார் 1960இல் உலகத்திலேயே முதல் பெண் பிரதம மந்திரியாக வந்தவர். அது நம் பெண் குலத்துக்குப் பெருமைதான். ஆனால் அந்த ஒப்பந்தத்தால் அக்கா ஒரு கரையிலும் தங்கை ஒரு கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்களின் கண்ணீரையும் மறக்க முடியாது. வந்தவர்களுக்காகவே நீலகிரியில் நம் அரசாங்கம் தேயிலைத் தோட்டங்கள் போட்டது. அதுவே இன்றைய டான் டீ.

இனி, கோட்டேயில் நடந்ததைக் கேளுங்கள். 1956இல் பழைய கட்டிடத்தில் சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்று சட்டம் செய்தார்கள். 1987இல் புதிய சபையில் அரசியல் சட்டத்தைத் திருத்தி, தமிழும் ஆட்சி மொழி என்று எழுதினார்கள். எழுதினது எல்லாம் நடைமுறைக்கு வந்துவிடவில்லை; நடுவில் நீண்ட கொடிய யுத்தம் ஒன்று நடந்து 2009இல்தான் முடிந்தது. அந்த யுத்தம் நடந்த காலத்திலேயே, 1988இல் ஒரு சட்டமும், 2003ஆம் ஆண்டு அக்டோபரில் இன்னொரு சட்டமும் நிறைவேறின. நாடற்றவர்களாக மிஞ்சியிருந்த மலையகத் தமிழர்களுக்கு அவற்றால் பிரஜா உரிமை கிடைத்தது. கொழும்பில் அடித்த பெயரைக் கோட்டேயில் எழுதி முடிக்க ஐம்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

அது மட்டுமா? 2024ஆம் ஆண்டு நவம்பர்த் தேர்தலில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி என்று இரண்டு மலையகத் தமிழ்ப் பெண்மணிகள் ஜெயித்து அந்தச் சபைக்குள் போனார்கள். அச்சபையில் அங்கத்தினர் 225 பேர். தமிழில் பேசினால் மற்றவர்கள் காதில் மொழிபெயர்ப்பு ஒலிக்கும்படி வசதி செய்திருக்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் பாட்டியிடம் இதைச் சொன்னேன். இட்டிலித் தட்டை இறக்கிக் கொண்டே கேட்டவள், "கொழுந்துக் கூடை தூக்கின சனத்திலேயிருந்தா?" என்றாள். "ஆமாங்க ஆயா" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு என் பொட்டலத்தில் இரண்டு இட்டிலி அதிகமாக இருந்தது.

கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து போக விரும்புகிறவர்கள் திருச்சிக்கோ சென்னைக்கோ போய் விமானம் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்னே பின்னே கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுநாயக்காவில் இறங்கலாம். புறக்கோட்டையில் புடைவை வாங்குங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. காலிமுகத் திடலில் காற்று வாங்குங்கள். அந்தப் பழைய கட்டிடத்தையும் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். மறுநாள் காலையில் ஆட்டோக்காரரிடம் "பாராளுமன்றம்" என்று மறக்காமல் சொல்லி, நேர் வழியாகக் கோட்டேக்குப் போய் வாருங்கள். உங்கள் பையன் மறுபடி கேட்டால், பெயரோடு அதன் கதையையும் சேர்த்துச் சொல்லலாம்.